பாவாயி அக்கா போட்ட ஓட்டு

எனக்குக் கட்சி கிடையாது. புதுச்சத்திரம் மெயின் ரோட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு எல்லாக் கட்சியும் சொந்தக் கட்சிதான். கடைக்கு என் மகள் பேர், தனப்பிரியா டிஜிட்டல். ஃப்ளெக்ஸ் அடிப்பேன், நோட்டீஸ் அடிப்பேன், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போட்டோ எடுப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பாவாயி அக்காவின் கதையை ஆரம்பித்தாலே, "நந்தகுமாரு, நீ நாச்சிமுத்து ஆளா, தீனதயாளன் ஆளா?" என்று கேட்டுவிடுகிறார்கள். நான் யாருடைய ஆளும் இல்லை. அங்கே இருந்து எல்லாவற்றையும் பார்த்துப் பயந்தவன், அவ்வளவுதான்.

பாவாயி அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஏரிக்குத் தெற்கே ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறார். கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஹெல்பராக வடக்கே போனவர், போன இடத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது மகள் சௌமியாவுக்கு நாலு வயது. மறு வருடமே அக்கா கட்சியில் சேர்ந்தார். ஏன் சேர்ந்தீங்க என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆம்பள இல்லாத ஊட்டுப் பொம்பளையை ஆரு சாமி பேர் சொல்லிக் கூப்புடறாங்க? ரிக்கு வண்டிக்காரன் பொண்டாட்டிம்பாங்க, இல்லாட்டி அந்த முண்டச்சிம்பாங்க. கட்சி மீட்டிங்குல மைக்குல 'பாவாயி அவர்களே'ன்னாங்க. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு."

அந்த ஒரு 'அவர்களே'வுக்காக இருபத்தைந்து வருடம் கொடி பிடித்தார். மறியலில் பிடித்து மண்டபத்தில் அடைத்தபோது, மற்றவர்கள் சாப்பாடு சரியில்லை என்று கத்த, இவர் அடுப்படிக்குப் போய் ரசம் வைத்துக் கொடுத்தார். மாநாட்டுக்கு லாரியில் நின்றுகொண்டே போய்வந்தார். கடைசியில் ஒன்றியப் பிரதிநிதி ஆக்கினார்கள். எங்கள் ஒன்றியத்துக்குப் பிரதிநிதிகள் இருபத்தேழு பேர். அதில் பெண்கள் மூன்று பேர். யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பதுதான் அக்காவின் அரசியல். இல்லை என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

போன வருடம் உட்கட்சித் தேர்தல் வந்தது. வழக்கமாக இதெல்லாம் பெயருக்குத்தான். மேலேயிருந்து ஒரு பேர் வரும், கீழே கை தட்டுவார்கள், மறுநாள் பேப்பரில் 'ஒருமனதாகத் தேர்வு' என்று இரண்டு வரி வரும். நானும் முதல் நாளே வாழ்த்து ஃப்ளெக்ஸ் அடித்துக் காயவைத்துவிடுவேன். இந்த முறை ஒன்றியச் செயலாளர் பதவிக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் நாச்சிமுத்து, நாலு ரிக் வண்டிக்குச் சொந்தக்காரர், ஏற்கெனவே பதவியில் இருப்பவர். இன்னொருவர் தீனதயாளன், முட்டை லாரிகள் ஓட்டுகிறவர். மாவட்டத்தில் சமாதானம் பேசிப் பார்த்து அலுத்துப்போய், "ஓட்டுச் சீட்டுப் போட்டு எடுங்கய்யா" என்று விட்டுவிட்டார்கள். இருபத்தேழு பேரும் ரகசியமாக ஓட்டுப் போட வேண்டும்.

ரகசியம் என்ற சொல்தான் நாச்சிமுத்துவைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஏரிக்கரைக் காளியாயி கோயிலுக்கு வரச் சொன்னார். பூசாரி மாதையன் தட்டில் சூடம் கொளுத்துவார். வந்தவர், "என் ஓட்டு நாச்சிமுத்துக்குத்தான்" என்று சொல்லி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக்கூட ஏமாற்றுவார்கள். சூடத்தை அணைத்துவிட்டு ஏமாற்ற மாட்டார்கள்.

பாவாயி அக்கா வெள்ளிக்கிழமை மாலை போனார். நாச்சிமுத்து, "உங்களுக்கு எது பெருசோ, அது மேல பண்ணுங்கக்கா" என்றார். அக்காவிடம் பெரிது என்று இருந்தது ஒன்றுதான். மகள் சௌமியாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. ஏழு மாதம். தாய்வீட்டுக்கு வந்திருந்தாள்.

"என்ற மக வயித்துல இருக்கற உசுரு மேல சத்தியமுங்க" என்று அணைத்தார். சூடம் அணைந்தது. கை சுட்டது. திருநீறு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

நாலு நாள் கழித்து மத்தியானம் தீனதயாளன் ஆள் அனுப்பினார். அதே கோயில், அதே தட்டு, அதே மாதையன். மாட்டேன் என்றால் ஏற்கெனவே நாச்சிமுத்துவுக்குப் பண்ணிவிட்டாள் என்று தெரிந்துபோகும். சரி என்றால் ஆத்தா முன்னால் பொய். அக்கா மாதையன் முகத்தைப் பார்த்தார். அந்த ஆள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நான் கேட்டபோது, "நான் சூடம் கொளுத்தறவனுங்க. அணைக்கறது அவங்க பாடு" என்றான். நாக்கில் நரம்பில்லாத பயல்.

அக்கா இரண்டாவது முறையும் அதே உயிர் மேல் சத்தியம் பண்ணினார். வேறு எதன் மேல் பண்ணுகிறேன் என்றாலும் தீனதயாளன் ஒத்துக்கொள்ளவில்லை. கையால் அடித்தார். சூடம் அணையவில்லை. உள்ளங்கைக்கு அடியில் எரிந்துகொண்டே இருந்தது. சூடு இல்லை. "பச்சத் தண்ணியில கைய வெச்ச மாதிரி இருந்துச்சு சாமி" என்று பிறகு என்னிடம் சொன்னார். கையை எடுத்ததும் அதுவாக அணைந்தது. உள்ளங்கை நடுவில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கரிப் பொட்டு.

அன்று பொழுது சாய்ந்ததும் சௌமியா சொன்னாள். "அம்மா, மத்தியானத்துல இருந்து இது அசையவே இல்லம்மா."

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, ஒன்றும் பயப்பட வேண்டாம், அசைவு குறைந்தால் உடனே வாருங்கள் என்றார்கள். நல்ல டாக்டரம்மா, நிதானமாகத்தான் சொன்னார். துடிப்பு இருந்தது, அசைவுதான் இல்லை. அக்கா யாரிடமும் வாய் திறக்கவில்லை. சீயக்காய், மண்ணெண்ணெய், புளி, எலுமிச்சை என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் கையில் இருந்த கரி போகவில்லை. போகாதது மட்டுமல்ல, தொட்டதில் எல்லாம் ஒட்டியது. பண்ணையில் அவர் எடுத்த முட்டைகளில் எல்லாம் இரண்டு இரண்டு புள்ளி. மேஸ்திரி கத்தினான். அதன் பிறகு இடது கையால் பொறுக்கினார்.

நான் விஷயத்தை மோப்பம் பிடித்தது ஒரு காதுகுத்து விருந்தில். போட்டோ எடுக்கப் போயிருந்தேன். பந்தியில் கட்சிக்காரர்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இலை போட்டுக் கறிச்சோறு வந்தது. முதல் ஆள் ஸ்பூன் கேட்டார். சரி, கையில் காயமோ என்று நினைத்தேன். இரண்டாவது ஆளும் கேட்டார். மூன்றாவது ஆளும். பன்னிரண்டு பேரும் இடது கையில் ஸ்பூன் பிடித்து, வலது கையை மடியில் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். கறி என்றால் எலும்பைக் கடித்து உறிஞ்சும் ஆட்கள்! போட்டோ எடுக்காமலே வெளியே வந்துவிட்டேன்.

ஓட்டுச் சீட்டு அடிக்கும் வேலையும் எனக்குத்தான் வந்தது. இரண்டு பேர், இரண்டு கட்டம், பிடித்தவருக்கு டிக் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ரோட்டோரக் கல்யாண மண்டபத்தில் தேர்தல். வேறு மாவட்டத்திலிருந்து தேர்தல் பொறுப்பாளர் ஒருவர் வந்திருந்தார், வெள்ளை மீசை வைத்த பழைய கட்சிக்காரர். சீட்டுக் கட்டைக் கொடுத்துவிட்டு நானும் ஓரமாக நின்றுகொண்டேன். நாச்சிமுத்து சிரித்த முகமாக இருந்தார். தீனதயாளன் அவரைவிடச் சிரித்த முகமாக இருந்தார். இருபத்தேழு ஓட்டும் தனக்குத்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பாவம், இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருந்தார்கள்.

பாவாயி அக்காவுக்கு வழி பஸ்ஸில் வரும்போது தோன்றியதாம். இரண்டு கட்டத்திலும் டிக் போட்டுவிட்டால்? இவருக்கும் போட்டாயிற்று, அவருக்கும் போட்டாயிற்று. இரண்டு சத்தியமும் நிறைவேறிவிடும், வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் வராது. இந்த ஒரு யோசனையை ஆத்தாதான் கொடுத்தாள் என்று நினைத்து, கண்ணில் தண்ணீர் வர, மறைப்புக்குள் போய் இரண்டு டிக் போட்டுவிட்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது. நானே பார்த்தேன்.

பொறுப்பாளர் பெட்டியைத் திறந்தார். முதல் சீட்டைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "இரண்டு டிக். செல்லாது" என்று ஓரமாக வைத்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது சீட்டு. "செல்லாது." மூன்றாவது. "இதுவும் ரெண்டு." ஐந்தாவதுக்கு மேல் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிரிப்பார், பார்ப்பார், வைப்பார். இருபத்தேழு சீட்டிலும் இரண்டு இரண்டு டிக். யாரும் யாரிடமும் பேசி வைக்கவில்லை. சூடம் அணைத்ததையே பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதவர்கள் இதை யாரிடம் பேசுவார்கள்?

பொறுப்பாளருக்குக் கோபம். "என்னய்யா விளையாட்டு இது? சீட்டு வேணாம், கையைத் தூக்குங்க. நாச்சிமுத்துக்கு ஆதரவா இருக்கறவங்க வலது கையைத் தூக்குங்க."

யாரும் அசையவில்லை. நாச்சிமுத்து திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முதலில் ஒரு கை எழுந்தது. பிறகு இரண்டு, ஐந்து, பத்து. பாவாயி அக்காவும் தூக்கினார். இருபத்தேழு கையும் எழுந்தது, இருபத்தேழு உள்ளங்கையிலும் இரண்டு கரிப் பொட்டு. பொறுப்பாளருக்கு அதெல்லாம் தெரியவில்லை. எண்ணி எழுதிக்கொண்டார்.

"சரி, கையை இறக்குங்க. தீனதயாளனுக்கு?"

ஒரு கையும் இறங்கவில்லை. அவர் மூன்று முறை சொன்னார். இறங்கவில்லை. "எறக்கப் பாத்தேன் சாமி, தோள் கேக்கல" என்று பிறகு அக்கா சொன்னார். நாச்சிமுத்துவும் தீனதயாளனும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறுப்பாளர் சாப்பாட்டுக்கு இடைவேளை என்று எழுந்து போனதும்தான் கைகள் தொப்பென்று விழுந்தன. பிரியாணியை யாரும் தொடவில்லை.

மறுநாள் பேப்பரில் வந்தது: ஒன்றியச் செயலாளராக நாச்சிமுத்து ஒருமனதாகத் தேர்வு, இருபத்தேழு பிரதிநிதிகளும் ஆதரவு. பொறுப்பாளர் முதலில் எண்ணியதை மட்டும் எழுதிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அன்றுதான் பாவாயி அக்கா என் கடைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். கையைக் காட்டினார். "பேப்பர்ல நான் போட்டேன்னு போட்டிருக்குது. ஆத்தா என்ன பேப்பர் படிக்கறவளா சாமி? நான் போட்டது செல்லாத ஓட்டுன்னு அவளுக்குத் தெரியாதா? ரெண்டு சத்தியமும் பொய்யாப் போச்சு. சௌமியா வயித்தத் தொட்டுப் பாத்தா கல்லாட்டம் இருக்குது."

சத்தியம் வாங்கியவரே ஆத்தா முன்னால் விட்டுவிட்டேன் என்று சொன்னால் கழியும் என்று ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டார். முதலில் தீனதயாளனிடம் போனார். அந்த மனிதர் அதற்குள் வேறு கட்சிக்குப் போக வேட்டியை மாற்றிக்கட்டத் தயாராக இருந்தார். "கட்சியே வேண்டாங்கறேன், உங்க சத்தியத்தை வெச்சு நான் என்னக்கா பண்றது?" என்று கோயிலுக்கு வந்து, விட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தால் சௌமியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "அம்மா, அசையுதும்மா. ஆனா இடப்பக்கம் மட்டுந்தான் உதைக்குது. வலப்பக்கம் ஒண்ணுமே இல்ல."

நாச்சிமுத்துவிடம் அக்கா எட்டு முறை நடந்தார். எட்டு முறையும் ஒரே பதில்தான்.

"ஏனுங்கக்கா, நீங்கதான் எனக்குப் போட்டுட்டீங்களே. சத்தியத்தக் காப்பாத்தியாச்சே. அப்பறம் எதை உடச் சொல்றீங்க?"

"நான் போடலைங்களே சாமி. உங்களுக்கே தெரியுமே."

"அப்படியெல்லாம் வெளிய பேசாதீங்க. பேப்பர்லயே வந்துருச்சு."

இதுதான் முடிச்சு. சத்தியத்தை விடுகிறேன் என்று அவர் சொன்னால், பாவாயி தனக்கு ஓட்டுப் போடவில்லை என்று ஒத்துக்கொண்டதாகும். ஒருத்தருக்கு ஒத்துக்கொண்டால் மற்ற இருபத்தாறு பேருக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பதவி எங்கே நிற்கும்? பிறக்காத ஒரு குழந்தையைவிட அந்த லெட்டர்பேடு அந்த ஆளுக்குப் பெரிதாகிவிட்டது. எட்டாவது முறை அக்கா காலில் விழப்போனார். அவர் காரில் ஏறிக்கொண்டார்.

சௌமியாவுக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை, இரண்டு கிலோ எழுநூறு. மூச்சு நன்றாக இருந்தது, பால் குடித்தது. ஆனால் அழவில்லை. பிறந்தபோதும் அழவில்லை, ஊசி போட்டபோதும் அழவில்லை. வாயைத் திறக்கும், முகம் சிவக்கும், சத்தம் வராது. டாக்டரம்மா எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, தொண்டையில் குறை ஒன்றும் தெரியவில்லை, பார்ப்போம் என்றார். மூன்று நாள். அந்த வார்டில் எல்லாக் குழந்தையும் அழும்போது, நடுக்கட்டிலில் இது மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு வேளை சாப்பிடவில்லை. அக்கா கட்டிலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு நாச்சிமுத்து எனக்கு போன் செய்தார். "நந்தகுமாரு, கேமராவ எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வா. நம்ம பாவாயி அக்கா பேத்திக்குப் பேர் வெக்கறேன்."

கட்சிக்காரர் வீட்டுக் குழந்தைக்குப் பதவியில் இருப்பவர் பேர் வைப்பது புதிதில்லை. ஏற்பாடு செய்தது மருமகன் சென்றாயன். லாரி டிரைவர், பாவம், லோடு ஏற்றி மகாராஷ்டிராவிலிருந்து அன்றுதான் வந்திருந்தான், நடந்தது எதுவும் தெரியாது. மாமியாருக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான்.

நாச்சிமுத்து சால்வை, ஆப்பிள், பிரதிநிதிகள் ஆறு பேர், நிருபர்கள் இரண்டு பேர் சகிதம் வார்டுக்குள் வந்தார். ஆறு பேரும் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். நான் கேமராவைத் தூக்கினேன். நாச்சிமுத்து குழந்தையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.

பாவாயி அக்கா எழுந்து குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"குடுக்க மாட்டேனுங்க."

சென்றாயன் பதறினான். "அத்தே, என்ன பேசறீங்க?"

"மொதல்ல என்ற சத்தியத்தைத் திருப்பிக் குடுங்க. அப்பறம் புள்ளையத் தூக்குங்க. இல்ல, அது உங்ககிட்டயே இருக்கட்டும்னா இருக்கட்டும். இந்தாங்க, அதோட சேத்துப் புள்ளையவும் நீங்களே வெச்சுக்கங்க. இது மேலதானே வாங்குனீங்க?" என்று குழந்தையை இப்போது அவராகவே நீட்டினார்.

குழந்தை வாயைத் திறந்தது. முகம் சிவந்தது. சத்தம் வரவில்லை. நாச்சிமுத்து அதைக் கிட்டத்தில் பார்த்தார். நீட்டிய கை பின்னால் போனது. அந்த ஆளுக்கும் வீட்டில் பேரப்பிள்ளை இருக்கிறது. நிருபர்கள் இருவரும் போனை உயர்த்தினார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார், உதட்டுக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் அக்கா. "ஆத்தாளுக்குக் கேக்கோணும்."

"பாவாயி அக்கா எனக்கு ஓட்டுப் போடல" என்றார் நாச்சிமுத்து. குரல் பிசிறியது. வார்டே திரும்பிப் பார்த்தது. "ஆருமே போடல. எனக்குக் குடுத்த சத்தியத்த நான் உட்டுட்டேன். உட்டுட்டேன் தாயே, உட்டுட்டேன்!"

குழந்தை அழுதது. மூன்று நாள் அழாத அழுகையையும் சேர்த்து, பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் மிரண்டு அழும்படி அழுதது. சௌமியா ஓவென்று அழுதாள். பின்னால் நின்ற ஆறு பேரும் நாச்சிமுத்துவைச் சூழ்ந்துகொண்டு, "எனக்கும் சொல்லுங்க, என்ற பேரையும் சொல்லுங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாவாயி அக்கா அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. பேத்தியின் காதோடு குனிந்து, "அழு சாமி, நல்லா அழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.